நான் அடைத்த துளை

வீடென்பது நின்ற இடத்தில் நிற்பது; வண்டியென்பது ஓடிக்கொண்டே இருப்பது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி மேலைநாட்டார் கண்ட பொருள்தான் மோட்டார் வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி ஆகிய அனைத்தும் ஒரு வேனுக்குள் அடங்கிவிடும். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் 1950-இல் வேன்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்னும் நிறுவனம் அந்த வேனுக்குள் பொருத்தத்தக்க படுக்கையையும் அலமாரியையும் செய்து விற்றது. அவ்வேனின் மூன்றாம் தலைமுறை 1979-இல் வெளிவந்தது. அத்தலைமுறையைச் சேர்ந்த, 1985 மே மாதம் முதற்பதிவு பெற்ற வண்டியொன்று 2016-இல் எங்கள் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது.

நாங்கள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வாழ்கிறவர்கள். விடுமுறை நாட்களில் மலையையும் கடலையும் பார்க்க வேண்டும். எங்கள் உணவை நாங்களே சமைத்துக்கொள்ள வேண்டும். விடுதிக் கட்டணம் கையைக் கடிக்கக் கூடாது. இந்த மூன்று ஆசைகளும் சேர்ந்தே எங்களை அந்த வண்டியின் முன் கொண்டுபோய் நிறுத்தின. வாங்கிய பிறகுதான் தெரிந்தது, பழைய வண்டியின் விலை என்பது அதை வாங்குவதற்கு மட்டுமே என்று. பட்டறைக்காரர் ஒருமுறை கைவைத்தால் அரை மாதச் சம்பளம் போய்விடும். ஆகவே நானே ஸ்பானரைக் கையில் எடுத்தேன்.

எனக்கு இக்கலை முற்றிலும் புதிதன்று. என் அத்தா தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். கழற்றிய பாகங்களைச் சாக்கின் மேல் வரிசையாக அடுக்கி வைப்பார். "பூட்டத் தெரியாதவன் கழற்றக் கூடாது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் சொல். அச்சொல்லின் பாதிப் பொருளைத்தான் நான் அறிந்திருந்தேன் என்பதை வெகுநாள் கழித்தே உணர்ந்தேன்.

*

முதற்பாடம் தண்ணீரில் தொடங்கியது. எங்கள் வண்டியின் எஞ்சின் பின்புறத்தில் இருக்கிறது, ரேடியேட்டரோ முன்புறத்தில். இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாய்கள் வண்டியின் அடிவயிற்றில் ஓடுகின்றன. ஏறக்குறைய 17 லிட்டர் நீர் அதனுள் சுற்றி வருகிறது. அது வெறும் நீரன்று. உறையாமலும் அரிக்காமலும் காக்கும் கூலண்ட் சரிபாதி கலந்த நீர். அதன் காக்கும் குணம் காலப்போக்கில் தீர்ந்துவிடும். அதை மாற்றாமல் விட்டாலோ, குறையும்போதெல்லாம் குழாய் நீரை ஊற்றிச் சமாளித்தாலோ, எஞ்சினின் அலுமினியத் தலைகள் மெல்ல அரிக்கப்பட்டுக் கசியத் தொடங்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுவதும் வடித்து மாற்றுவதே முறை.

நான் முதன்முறை மாற்றியபோது, ஊற்ற வேண்டியதை ஊற்றி, மூடியைத் திருகி, வேலை முடிந்ததென்று கிளம்பிவிட்டேன். பத்து மைல் போவதற்குள் வெப்பமானியின் முள் மேலே ஏறிற்று. குழாய்களுக்குள் காற்று தங்கிவிட்டது. வண்டியின் முன்பக்கத்தை 40 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் உச்சியிலுள்ள திருகைத் தளர்த்தினால்தான் அக்காற்று வெளியேறும். அதை அறிந்து செய்தபோது, குமிழியிட்டு வந்த காற்று நின்று பச்சை நீர் சீராக வழிந்த அந்தக் கணத்தில், ஒரு நோயாளியைப் பிழைக்க வைத்த மருத்துவனின் பெருமிதம் எனக்கு உண்டாயிற்று.

அடுத்தது துரு. இவ்வகை வண்டிகளில் தகடுகள் சேரும் இடங்களில் ஒரு பசையைப் பூசியிருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அது வெடிக்கும். வெடிப்பில் மழைநீர் இறங்கும். துரு உள்ளிருந்தே தின்னும். வெளியே வண்ணத்தின் மேல் ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும். பசையைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, முதற்பூச்சிட்டு, புதுப்பசை வைத்து, வண்ணம் தீட்டுவதில் ஒரு கோடைகாலமே கழிந்தது.

மூன்றாவது டயர். பார்வைக்குப் புதிதுபோல் இருந்த டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருந்தன: 1405. அதாவது 2005-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரத்தில் செய்தது. பள்ளம் தேயாவிட்டாலும் ரப்பருக்கு முதுமை உண்டு. அன்றே நான்கையும் மாற்றினேன்.

*

இவ்வாறு வெற்றிமேல் வெற்றி கண்ட மனிதனுக்கு என்ன வரும்? கர்வம் வரும். எனக்கும் வந்தது.

2018-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் வண்டியின் உட்புறத்தை அழகுபடுத்தத் தொடங்கினேன். ஈரத்தில் ஊறிய பழைய பலகையைப் பெயர்த்தெறிந்து புதிய பலகை பதித்தேன். கேஸ் சிலிண்டர் வைக்கும் சிறு அலமாரியின் அடித்தளத்தில் இரண்டு விரல்கள் நுழையும் அளவில் ஒரு துளை இருந்தது. அதன் வழியாகச் சாலை தெரிந்தது, குளிர்காற்றும் வந்தது. முன்பு வைத்திருந்தவர் எதற்கோ துளைத்துவிட்டு மூடாமல் விட்டிருக்கிறார் என்று முடிவு செய்தேன். அதன்மேலும் பலகையை அமைத்து, விளிம்புகளில் பசை பூசி, காற்றுப் புகாதபடி அடைத்தேன். என் மனைவி பார்த்து, "இப்போதுதான் வீடு மாதிரி இருக்கிறது" என்றாள். அந்தப் பாராட்டில் நான் பூரித்துப்போனேன்.

அவ்வாண்டு அக்டோபரில் வடக்கு வேல்ஸுக்குப் போனோம். வேல்ஸின் இயற்கை ஏரிகளுள் மிகப்பெரியதான பாலா ஏரியின் அருகே ஒரு முகாமில் வண்டியை நிறுத்தினோம். இரவு நல்ல குளிர். எங்கள் ஏழு வயது மகள் உயர்த்திய கூரைக்குள் இருக்கும் மேல்படுக்கையில் உறங்கினாள். சன்னல்களையெல்லாம் இறுக மூடிக்கொண்டு நாங்களும் படுத்தோம்.

விடியற்காலையில் என் மனைவி உளூச் செய்வதற்காக முகாமின் குளியலறைக் கட்டடத்துக்குப் போனாள். அவள் வருவதற்குள் தேநீர் போட்டுவிடலாமென்று நான் எழுந்து, கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். அந்நேரத்தில் அவள் கதவை இழுத்துத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

"தீக்குச்சியைக் கிழிக்காதீர்கள்! கேஸ் வாடை அடிக்கிறது."

எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. "ஒன்றுமில்லையே" என்றேன்.

"நீங்கள் உள்ளேயே இருந்தீர்கள். நான் வெளியிலிருந்து வருகிறேன். முதலில் பிள்ளையை இறக்குங்கள்."

அவள் குரலில் இருந்த நடுக்கம் என்னை அசைத்தது. தீப்பெட்டியைக் கீழே வைத்தேன். விளக்கின் ஸ்விட்சையும் தொடாமல், இருட்டிலேயே மகளைத் தூக்கி அவளிடம் கொடுத்தேன். கதவுகளை அகலத் திறந்து, சிலிண்டரின் வால்வை மூடினேன். புல்வெளியில் போர்வைக்குள் சுருண்டிருந்த மகள், "அத்தா, ஏன் வெளியே வந்தோம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

*

ஊர் திரும்பியதும் பதிவு பெற்ற எரிவாயுப் பணியாளர் ஒருவரை அழைத்தேன். அவர் சிலிண்டரிலிருந்து வரும் ரப்பர்க் குழாயை வளைத்துக் காட்டினார். வளைவில் முடிபோன்ற வெடிப்புகள் தெரிந்தன. குழாயின் மேல் அச்சிட்டிருந்த ஆண்டு எப்போதோ கடந்துவிட்டிருந்தது. டயரின் தேதியைப் பார்க்கத் தெரிந்த எனக்கு, அதே ரப்பரால் ஆன இக்குழாயின் தேதியைப் பார்க்கத் தோன்றவில்லை. பின்னர் அலமாரியின் அடித்தளத்தைத் தட்டிப் பார்த்தவர், "இங்கிருந்த துளையை மூடியவர் யார்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அவர் சினந்துகொள்ளவில்லை, பொறுமையாக விளக்கினார். நாம் அடுப்பெரிக்கும் இவ்வாயு காற்றைவிடக் கனமானது. புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் அது மேலே போகாது. நீரைப்போலத் தாழ்ந்த இடத்தில் தேங்கும். அவ்வாறு தேங்காமல் தானே கீழிறங்கித் திறந்த வெளியில் கலந்துவிடத்தான் அந்தத் துளை. குழாய் வெடித்தாலும் குடும்பம் பிழைக்கட்டுமென்று எவரோ செய்து வைத்த ஏற்பாடு அது. நான் அதை அடைத்ததால், வெளியேற வேண்டிய வாயு அலமாரியை நிரப்பி, கதவிடுக்கின் வழியே எங்கள் காலடியில் பரவியிருக்கிறது. வாயுவுக்கு இயல்பில் மணமில்லை; கசிவு தெரிய வேண்டுமென்றே வாடையைச் சேர்க்கிறார்கள். ஆயினும் நுகர்ந்துகொண்டே இருக்கும் மூக்கு விரைவில் மரத்துவிடும். அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து வந்தவளுக்குத் தெரிந்தது.

பழுதென்று எண்ணி நான் அடைத்தது பாதுகாப்பை. பாதுகாப்பென்று எண்ணி நான் நம்பியது பழுதை. இதை எண்ணி எண்ணிப் பல இரவுகள் உறங்காமல் கிடந்தேன்.

*

அன்றிலிருந்து அந்த வண்டியை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். எத்தனை துளைகள்! கதவின் அடிவிளிம்பில் சிறுசிறு பிளவுகள்: உள்ளே இறங்கும் மழைநீர் வடிவதற்கு; அவை அடைபட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பேட்டரிப் பெட்டியிலிருந்து வெளியே போகும் மெல்லிய குழாய்: மின்னேற்றும்போது பிறக்கும் ஹைட்ரஜன் வெளியேறுவதற்கு. அடுப்பின் அருகே காற்றுச் சாளரம்: எரிவதற்குக் காற்றுப் போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும், அதற்கு மணமே இல்லை, எந்த மூக்கும் அதைக் கண்டுபிடிக்காது. ஆகவே அதற்கென ஓர் எச்சரிக்கை மணியைப் பொருத்தினேன்.

வேலையையும் பங்கிட்டுக்கொண்டேன். எண்ணெய், கூலண்ட், பிளக், வடிகட்டி, துருநீக்கம், தச்சு வேலை ஆகியவை என்னுடையவை. எரிவாயுவும், வண்டியின் சுமை தாங்கும் பகுதிகளின் வெல்டிங்கும் என்னுடையவை அல்ல. பிரேக்கைப் பொறுத்தவரை நான் செய்தாலும் இன்னொரு தேர்ந்த கண் பார்க்காமல் சாலையில் இறங்குவதில்லை. 2021 செப்டம்பரில் பிரிட்டனில் பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக வந்தபோது, பழைய ரப்பரை அது கெடுக்கும் என்றறிந்து, பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் அதைத் தாங்கும் வகைக்கு மாற்றினேன். சூடான எஞ்சினின் மேல் ஒரு துளி பெட்ரோல் சொட்டினால் என்னவாகும் என்பதை எனக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2025 மே மாதத்தோடு எங்கள் வண்டிக்கு 40 வயது நிறைந்தது. பெரிய மாற்றங்கள் செய்யப்படாத 40 ஆண்டு வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை என்பது பிரிட்டனில் 2018 மே முதல் உள்ள விதி. நண்பர்கள் வாழ்த்தினார்கள்: "இனி உமக்குச் சோதனைச் செலவு மிச்சம்!" நான் சிரித்துக்கொண்டேன். சட்டம் என்னைச் சோதிக்காமல் விட்டுவிட்டதென்றால், சோதிக்கும் பொறுப்பு முழுவதும் என் தலையில் வந்துவிட்டது என்பதுதானே பொருள்? அவ்வாண்டும் வண்டியை நானே வலியக் கொண்டுபோய்ச் சோதனைக்கு நிறுத்தினேன்.

என் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். நான் வண்டிக்கடியில் படுத்திருக்கும்போது ஸ்பானரை எடுத்துக் கொடுப்பது அவள்தான். ஒன்றைக் கழற்றப் போகிறேன் என்றால் கொடுப்பதற்கு முன் கேட்கிறாள்: "அத்தா, இது எதற்காக இங்கே இருக்கிறது?" எனக்கு விடை தெரிந்தால்தான் ஸ்பானர் என் கைக்கு வரும். என் அத்தாவின் சொல்லில் எனக்கு விளங்காதிருந்த மறுபாதி அக்கேள்விதான்.

நம்மை நம்பிக் கண்ணயர்கிறவர்களின் உறக்கம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் காக்கக் கைத்திறன் மட்டும் போதாது. "எனக்குத் தெரியாது" என்று சொல்லி நிற்கும் துணிவும் வேண்டும். அதைத்தான் நான் அடைத்த அந்தத் துளை எனக்குக் கற்பித்தது. இன்று அது திறந்திருக்கிறது. குளிர்காலத்தில் அதன் வழியே சிறிது குளிர் வரத்தான் செய்கிறது. வரட்டும்.