மணியில் கலந்தது என்ன?

வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து விளக்கெரிப்பது நம் மரபு. அந்நீரில் இன்று கலந்திருப்பது யாது என்ற ஐயத்தை நம் வகுப்பறைக்குக் கொணர்ந்தவன் ஒரு மாணவன். நீர்கொழும்பிலுள்ள உறவினர் வீடு சென்று திரும்பியவன், கடற்கரையில் பொறுக்கிய சிறு வெண்மணிகளை மேசைமீது கொட்டினான். சில கருகியிருந்தன.

"பிளாஸ்ரிக்" என்றோம்.

"அது தெரியும் சேர். அதுக்குள்ள வேற என்ன கலந்திருக்கு?"

தமிழ் கற்பிக்கும் நாம் விடையறியாது நின்றோம். அன்றிரவே தேடிப் படிக்கலானோம்.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஜூனில் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் மணிகள் கடலிற் சிதறின. ஆலைகளுக்கென அனுப்பப்பட்ட மூலப்பொருள் அது. வெயிலைத் தாங்கவும், நிறம் பெறவும், நெகிழவும் பிளாஸ்ரிக்கில் பல இரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன. நந்திக்கடலில் நம்மவர் வீசும் நைலோன் வலைக்கும் அத்தகைய சேர்க்கை உதவுகிறது. ஆகவே, சேர்ப்பன யாவும் நஞ்சென்று நாம் கூறவில்லை. எது நஞ்சு என்று அறியும் உரிமையையே கேட்கிறோம்.

கரையொதுங்கிய மணிகளை ஆராய்ந்தோர் வெயில்தாங்கு இரசாயனங்களையும் பிஸ்பீனோல் வகைகளையும் அவற்றிற் கண்டனர். எரிந்த துண்டுகளின் கலவை இன்னும் சிக்கலாயிருந்தது. வெயில்தாங்கிகளுள் ஒன்றான யூவி-328, ஸ்டொக்ஹோம் சமவாயத்தின் ஒழிப்புப் பட்டியலில் ஏறியது 2023இலேதான்.

ஒரு பிஸ்கற் பொதியில்கூட மாவும் சீனியும் நிறமும் எழுதப்பட்டிருக்கின்றன. கடல்கடந்து செல்லும் பிளாஸ்ரிக் மூட்டையின் சேர்க்கைகளோ பெரும்பாலும் உற்பத்தியாளரின் வணிக இரகசியம். அக்கப்பல் எரிந்தபோது இம்மணிகள் கடல்வழி ஆபத்தான சரக்குகளின் விதித்தொகுப்பில் இடம்பெற்றிருக்கவில்லை. 2024இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு வெளியிட்டவை பரிந்துரைகளே. கட்டாய விதிகள் அல்ல. பிளாஸ்ரிக் மாசினைத் தடுக்கும் உலக உடன்படிக்கைக்காக 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த பேச்சும் இணக்கமின்றி முடிந்தது.

2025 ஜூலையில் நம் நாட்டு உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தப் பணித்தது. அது நீதியின் குரலே. எனினும், நட்டஈடு அழிவின் பின்னர் வருவது. விற்பவன் தன் சரக்கில் கலந்ததை முன்னரே சொல்லவேண்டும். செல்வ நாட்டுக்கு ஓர் அளவுகோல், வறிய நாட்டுக்கு வேறோர் அளவுகோல் என்பது ஒழியவேண்டும். வலை வீசும் தொழிலாளிக்கு அச்சரக்கில் இலாபமில்லை; கேட்டில் மட்டும் அவனுக்குப் பங்கு எதற்கு?

மறுநாள் அம்மாணவனிடம் நமக்குத் தெரிந்தவற்றைச் சொன்னோம். "அப்ப, முழுதும் ஆருக்குத் தெரியும் சேர்?" என்றான். செய்தவர்களுக்குத் தெரியும். அவர்களைச் சொல்லவைக்கும் சட்டமே இன்னும் பிறக்கவில்லை.