ஜீப்பில் மூன்று ஜாயின்ட்

டிசம்பர் 7, ஞாயிறு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறியதும் பனிமூட்டம் வழியை மறைத்தது; பாக் லேம்ப்பைப் போட்டேன். கொஞ்ச தூரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை, லைட்டும் அவிந்துவிட்டது. ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி, முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றினேன். பம்பர் பக்கம் போகும் வயரில் உருண்டையாக ஒரு கறுப்பு டேப். தொட்டதும் விரல் சுட்டது. பிரித்தால், இரண்டு வயரையும் சும்மா முறுக்கி விட்டிருக்கிறார்கள்; செம்பு பச்சை பூத்துக் கிடக்கிறது. போன வருஷம் இந்த லைட்டை மாட்டிய கடையின் வேலை. பியூஸ் எங்கே என்று தேடினால், அப்படி ஒன்றே இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் காட்டினேன். பியூஸ் போட்டிருந்தால் தப்பித்திருக்கும் என்றேன். சிரித்தார். “பியூஸ் ஷார்ட்டுக்குத்தான் தம்பி காவல். ஜாயின்ட் லூசானா கரண்ட் கூடாது, அந்த இடத்துல சூடுதான் கூடும். பியூஸ் பாட்டுக்குச் சும்மா இருக்கும்.” இது எனக்கு இதுவரை தெரியாது.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று முழுக்க அவர் பட்டறையில். வேலை என்னுடையது, மேற்பார்வை அவருடையது. 55 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட். ஒன்பது ஆம்பியருக்குச் சற்று மேல். அதற்கு 2.5 ஸ்கொயர் எம்எம் ஆட்டோ வயர், 15 ஆம்பியர் பியூஸ். பியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். அதைத் தள்ளி வைத்தால் இடைப்பட்ட வயருக்குக் காவல் கிடையாது. ரிலேயில் 30-க்கு பேட்டரி, 87-க்கு லைட், 86-க்கு சுவிட்ச், 85-க்கு எர்த். எர்த் வைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டச் சொன்னார்.

பிறகுதான் ஜாயின்ட். இரண்டு முனையையும் முக்கால் அங்குலம் உரித்து, எக்ஸ் மாதிரி குறுக்கே வைத்து, ஒன்றை மற்றதன் மேல் இறுக்கிச் சுற்ற வேண்டும். அயர்னை ஈயத்தில் வைத்தேன்; ஈயம் முத்தாக உருண்டு நின்றது. “ஈயத்தைச் சுடாதீங்க, கம்பியைச் சுடுங்க.” கம்பிக்கு அடியில் அயர்னைப் பிடித்து மேலே ஈயத்தைத் தொட்டேன். இழைகளுக்குள் சரக்கென்று இறங்கியது. பார்க்க அவ்வளவு அழகு. அதற்கப்புறம்தான், முறுக்கும் முன்பே வயரில் கோர்த்திருக்க வேண்டிய சுருங்கும் ஸ்லீவ் இன்னும் மேசை மேலேயே கிடப்பதைப் பார்த்தேன். வெட்டி, மறுபடி முதலிலிருந்து.

ஈயம் முடிகிற ஓரத்தில் வயர் விறைத்துப்போகும். வண்டி அதிர அதிர அங்கேதான் ஒடியும். அதனால் ஜாயின்ட்டின் இரு பக்கமும் டை போட்டுக் கட்டினோம். தொழிற்சாலைகளில் ஈயம் வைக்காமல் கிரிம்ப் அடிப்பது இதனால்தானாம். நல்ல கிரிம்பிங் டூல் இருந்தால் அதுவே மேல் என்று அவரே சொன்னார். மொத்தம் மூன்று ஜாயின்ட். மூன்றும் கை எட்டும் இடத்தில்.

டிசம்பர் 21, ஞாயிறு

மறுபடி ஏற்காடு. நல்ல பனி. மேலே போய்ச் சேரும்வரை லைட்டை அணைக்கவில்லை. பானெட்டைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். மூன்றிலும் சூடு இல்லை.