இரவல் பீரங்கி

ராணுவத் தளபதி ஒருவர் ஆட்சியைப் பிடிக்கச் சதி செய்கிறார் என்றால், டாங்கிகள், துப்பாக்கிகள், நள்ளிரவில் வானொலி நிலையத்துக்குள் நுழையும் பூட்ஸ் கால்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கி 1964 பிப்ரவரியில் வெளிவந்த ‘செவன் டேஸ் இன் மே’ படத்தில் இவை எதற்கும் வேலை இல்லை. கசக்கிப் போட்ட ஒரு காகிதம், குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டச் சொல்லித் தளபதிகளுக்குப் போகும் செய்தி, ஒரு சிகரெட் டப்பா. இவற்றை வைத்தே இரண்டு மணி நேரம் நம்மை நாற்காலியின் நுனியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். என்னோடு உட்கார்ந்து பார்த்த தங்கை மகன் பாதியில் கேட்டான்: “மாமா, சண்டை எப்ப வரும்?” வராது என்றேன். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன், போகவில்லை.

கதை இதுதான். ரஷ்யாவோடு அணு ஆயுத ஒழிப்பு ஒப்பந்தம் போட்டதால் அதிபர் லைமனுக்கு மக்களிடம் பேர் கெட்டுக் கிடக்கிறது. முப்படைத் தலைவர்களின் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் ஜெனரல் ஸ்காட், நாட்டைக் காப்பாற்றப் போவதாக நம்பிக்கொண்டு ஆட்சியைக் கவிழ்க்க நாள் குறிக்கிறார். பர்ட் லங்காஸ்டரின் அந்த விறைத்த முதுகைப் பார்த்தால் நமக்கே சல்யூட் அடிக்கத் தோன்றும். சதியை மோப்பம் பிடிப்பவர் அவரிடமே வேலை பார்க்கும் கர்னல் கேஸி, அதாவது கிர்க் டக்ளஸ். கேஸிக்கும் அந்த ஒப்பந்தம் பிடிக்காது. ஆனாலும் அதிபரிடம் போய்ச் சொல்லிவிடுகிறார். கொள்கை பிடிக்கவில்லை என்பது வேறு, சட்டத்தை மிதிப்பது வேறு என்று தெரிந்த மனிதர்.

கென்னடிக்கு இந்தக் கதையில் அக்கறை இருந்தது. வெள்ளை மாளிகை வாசலில் கலவரக் காட்சி எடுப்பதற்குத் தோதாக வார இறுதியில் வெளியூர் போய்விட்டார் என்பார்கள். படம் திரைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

என் மனசில் நிற்பது இன்னொரு காட்சி. அதிபரும் ஜெனரலும் நேருக்கு நேர். அதிபரின் மேசை இழுப்பறையில் ஜெனரலின் பழைய காதல் கடிதங்கள் இருக்கின்றன. எடுத்துக் காட்டினால் ஜெனரலின் கதை அங்கேயே முடிந்துவிடும். அதிபர் கையை நீட்டுகிறார், ஆனால் எடுக்கவில்லை. ராஜினாமா கேட்கிறார். ஜெனரல் முடியாது என்கிறார். எல்லாம் கைவிட்டுப் போகிறது என்ற நேரத்தில், விமான விபத்தின் சிதைவிலிருந்து ஒரு சிகரெட் டப்பா வந்து சேர்கிறது. உள்ளே, சதிக்கு உடன்படாத அட்மிரல் ஒருவர் கையெழுத்திட்ட வாக்குமூலம். சதி கலைகிறது.

அது அமெரிக்கக் கற்பனை. எங்கள் பக்கத்தில் இதே கதை அந்தப் படத்துக்கு 160 வருஷம் முன்னால் நிஜமாகவே நடந்தது. அங்கே டப்பா எதுவும் வந்து சேரவில்லை.

கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டரில் வட்டக்கோட்டை. கருங்கல் கோட்டை, உள்ளே ஒரு குளம், மேலே ஏறிப்போகச் சாய்தளம். முகப்புச் சுவரின் அகலம் 29 அடி, பின்புறம் 6 அடி. ஒரு பக்கம் வங்கக் கடல். மறுபக்கம் தென்னைகளுக்கு மேலே மேற்கு மலையின் வால், காற்றாலைகள். குளச்சலில் 1741-ல் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படையின் பெரிய கப்பித்தானாகி இந்தக் கோட்டையை வலுப்படுத்தினார். இங்கிருந்து ஆரல்வாய்மொழி மலை வரைக்கும் காவல் அரண் நீண்டு கிடந்தது. நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாசலுக்கு அதுதான் கதவு.

மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது மருமகன் கேட்டான்: “மாமா, பீரங்கி எல்லாம் கடலைப் பாத்துத்தான வச்சிருப்பாவ?”

“கடலுக்கும் வச்சாவ, மலைக்கும் வச்சாவ மக்கா. கையெழுத்துக்கு எதிரா வைக்கத்தான் பீரங்கி இல்லாமப் போச்சு.”

கையெழுத்துப் போட்டவர் கல்குளம் பக்கத்துத் தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பி. 1798-ல் பட்டத்துக்கு வந்த பால ராம வர்மாவுக்கு வயது பதினாறுதான். அவரைச் சுற்றி ஜயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்துத் தரகன் மூவரும் ஆட்சியைக் கையில் வைத்துக்கொண்டு வசதியுள்ளவர்களிடமெல்லாம் பணம் கறந்தார்கள். வேலுத்தம்பியிடமும் கேட்டார்கள். மூன்று நாள் தவணை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தவர், பணத்தைத் திரட்டவில்லை. நாஞ்சில் நாட்டு ஜனங்களைத் திரட்டினார். 1799-ல் அந்தக் கூட்டம் திருவனந்தபுரம் கோட்டை வாசலில் போய் நின்றது. ராஜா இறங்கி வந்தார். மந்திரிமார் பதவி போனது. இருவருக்குக் காதும் போனது. கொஞ்ச காலத்தில் வேலுத்தம்பியே தளவாய் ஆனார்.

தளவாய் ஆனதும் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். செலவு கூடுதல், கஜானா காலி. நாயர் படையின் படிகளில் கை வைத்தார். 1804-ல் படை கிளர்ந்து எழுந்தது. பத்தாயிரம் பேர் தலைநகருக்கு வந்ததாகத் திருவிதாங்கூர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். தளவாயை நீக்க வேண்டும், கிழக்கிந்தியக் கம்பெனியோடு உள்ள உறவை முறிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஐந்து வருஷம் முன்னால் அவர் நின்ற இடத்தில் இப்போது அவர்கள் நின்றார்கள். அவர் இருந்ததோ உள்ளே.

வேலுத்தம்பி ஆலப்புழை வழியாகக் கொச்சிக்குப் போனார். ரெசிடெண்ட் கர்னல் மெக்காலே அப்போது அவருக்குச் சிநேகிதர். கம்பெனியின் துணையோடு திரும்பி வந்து கிளர்ச்சியை நசுக்கினார். தலைகள் உருண்டன. தலைவர்களில் ஒருவரான கிருஷ்ண பிள்ளையின் கால்களை இரண்டு யானைகளில் கட்டி இழுக்கவிட்டதை வாசிக்கும்போது இன்றைக்கும் கை நடுங்கும்.

பீரங்கியை இரவல் தந்தவர்கள் கூலி கேட்காமல் இருப்பார்களா? 1805 ஜனவரியில் புது உடன்படிக்கை. கம்பெனிக்கு வருஷம் எட்டு லட்சம் ரூபாய் கப்பம். கம்பெனிப் படை நாட்டுக்குள் இருக்கும். ராஜா அவர்கள் புத்திமதியைக் கேட்டு நடக்க வேண்டும். படைச் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய் நாட்டையே அடமானம் வைத்த கணக்கு. கப்பம் பாக்கி விழுந்தது, மெக்காலே நெருக்கினார், சிநேகிதம் கசந்தது. எந்தக் கம்பெனியை ஒழிக்கச் சொன்னதற்காகச் சிப்பாய்களைக் கொன்றாரோ, அதே கம்பெனிக்கு எதிராக 1808 டிசம்பரில் அவரே ஆயுதம் எடுத்தார். 1809 ஜனவரியில் குண்டறைப் பிரகடனம். பிப்ரவரி 10-ல் கர்னல் செயின்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்தது. அரண் வாசலில் மோதாமல், மேஜர் வெல்ஷ் ஒரு கூட்டத்தோடு இருட்டில் தெற்கு மலை மேல் ஏறிப்போய்ப் பின்னால் இறங்கினார். பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையிலும் இருந்த அதே வெல்ஷ்தான். உதயகிரியும் பத்மநாபபுரமும் அடுத்தடுத்துப் பணிந்தன. வேலுத்தம்பி மண்ணடிக் கோயிலில் உயிரை விட்டார்; உடலைக் கண்ணம்மூலையில் தூக்கிக் காட்டினார்கள்.

அந்தக் கடைசி மூன்று மாதங்களுக்காகத்தான் திருவனந்தபுரம் தலைமைச் செயலக முற்றத்தில் அவருக்குச் சிலை. அது தகும். ஆனால் நாட்டை ஆள்கிறவர்கள் வாசிக்க வேண்டியது 1804-ஐ.

கடல் தாண்டினால் இன்னொரு கதை. 1962 ஜனவரி 27 இரவு கொழும்பில் சிறிமாவோ அரசைக் கவிழ்க்க ராணுவ, கடற்படை, போலீஸ் அதிகாரிகள் நாள் குறித்திருந்தார்கள். ‘செவன் டேஸ் இன் மே’ நாவல் அச்சாகி வந்ததே அதற்குச் சில மாதம் கழித்துத்தான். கேஸி செய்த வேலையை அங்கே செய்தவர் போலீஸ் அதிகாரி ஸ்டான்லி சேனநாயக்க. செய்தி அவர் வீட்டார் வழியாக அரசுக்குப் போய்ச் சேர, ஒரு குண்டு வெடிக்காமல் சதி முடிந்தது. அதோடு விட்டிருக்கலாம். பிடிபட்டவர்களை எப்படியும் தண்டித்தே தீர வேண்டும் என்று, நடந்து முடிந்த குற்றத்துக்கு முன்தேதியிட்டுத் தனிச் சட்டம் செய்தார்கள். 11 பேருக்குச் சிறைத் தண்டனை விழுந்தது. 1965 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில், குறிப்பிட்ட ஆட்களைத் தண்டிப்பதற்கென்றே செய்த சட்டம் செல்லாது என்று எல்லோரையும் விடுவித்தது. நேர்வழியில் கிடைத்த வெற்றியைக் குறுக்கு வழியில் கோட்டை விட்டார்கள்.

சதியை முறியடிப்பதோடு வேலை முடிவதில்லை, எதைக் கொண்டு முறியடித்தோம் என்பதுதான் பிறகு நம் தலையில் வந்து விடியும் என்பது இந்த மூன்று கதையிலும் எனக்குப் படுவது. படத்தில் ஒரு குறை உண்டு. டப்பா வந்து சேராவிட்டால் லைமன் அந்தக் கடிதங்களைத் தொடாமலே இருந்திருப்பாரா என்ற கேள்வியிலிருந்து அது நழுவிவிடுகிறது. வேலுத்தம்பிக்கு அந்தச் சலுகை இல்லை. வாசலில் பத்தாயிரம் பேர் நிற்கும்போது நியாயம் பேசுவது சுலபமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், சம்பளக் குறையோடு வந்து நின்ற கூட்டத்தின் மனசு, அப்படி ஒரு கூட்டத்தை நடத்திக்கொண்டு போனவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தனக்கு மூன்று நாள் தவணை கேட்டு வாங்கிய மனிதர், தன் சிப்பாய்களுக்கும் மூன்று நாள் கொடுத்துப் பேசிப் பார்த்திருக்கலாம். சொந்தப் படையோடு பேசித் தோற்றால் பதவி போகும். இரவல் படையைக் கொண்டு ஜெயித்தால், அந்தப் படை திரும்பிப் போகாது.