பக்கத்துத் தடம்

போட்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒருவரையொருவர் வெல்ல முனையும் இருவரே மனக்கண்முன் தோன்றுவர். எதிராளியின் தோல்வியிலேயே தன் வெற்றி அடங்கியுள்ளது என்பது போட்டியின் இயல்பு. ஆயின், அவ்வெதிராளியின் கவனத்திலே தன் உயிரும் அடங்கியிருக்குமாயின், அவ்விருவருக்குமிடையிலான உறவை எவ்வாறு விளங்கிக்கொள்வது? ஐக்கிய அமெரிக்காவில் வளர்ச்சிபெற்ற ‘டிராக் றேஸ்’ எனப்படும் நேர்த்தட மோட்டார்ப் பந்தயம் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர் பலர் பழைய கார்களை வாங்கி, அவற்றின் இயந்திரங்களைத் தம் கையாலேயே மாற்றியமைத்து, வறண்ட ஏரிப்படுகைகளிலும் பொதுத் தெருக்களிலும் ஓட்டி வேகம் பார்த்தனர். தெருவில் நிகழ்ந்த பந்தயம் அதனோடு எவ்விதத் தொடர்புமற்ற வழிப்போக்கரையும் ஆபத்துக்குள்ளாக்கியது. 1951 ஆம் ஆண்டில் வாலி பார்க்ஸ் என்பார் தேசிய ஹொட் றொட் சங்கத்தை நிறுவி, இவ்விளைஞர்களை ஒழுங்கமைந்த பந்தயத் தடங்களுக்கு அழைத்து வந்தார். வேகத்தை ஒழிக்க இயலாதெனின் அதற்கோர் இடமும் விதியும் அமைத்துக் கொடுக்கலாம் என்பதே அம்முயற்சியின் அடிப்படை.

பந்தயத்தின் அமைப்பு எளிமையானது. இரு கார்கள் அருகருகே நின்று, பச்சை விளக்கு ஒளிர்ந்ததும் புறப்பட்டு, கால் மைலை, அதாவது 1,320 அடியை, நேர்கோட்டில் கடக்கும். முன்னர் கொடியசைத்துத் தொடக்கிவைத்தவரின் இடத்தை 1963 இல் ‘கிறிஸ்மஸ் மரம்’ எனப்படும் விளக்குக் கம்பம் பெற்றுக்கொண்டது. வெளிப்புறங்களில் தடுப்புச் சுவர்கள் உண்டு. இரு தடங்களுக்கும் நடுவே உள்ளதோ தரையில் தீட்டிய கோடு மாத்திரமே. அக்கோடு ஒரு காரையும் தடுத்து நிறுத்தாது; அதனை மதிக்கும் சாரதியே அதற்கு வலிமை தருகின்றான்.

சாதாரண ஆர்வலர் பங்குபற்றும் பந்தயங்களில் வேறுபட்ட வேகமுடைய கார்களும் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. ஒவ்வொரு சாரதியும் தன் காருக்குத் தேவைப்படும் நேரத்தை முன்கூட்டியே அறிவிப்பான். 15 செக்கன் என அறிவித்தவன் முதலிற் புறப்பட, 10 செக்கன் என அறிவித்தவன் 5 செக்கன் பிந்திப் புறப்படுவான். முன்னவன் மணிக்கு 90 மைல் வேகத்தில் முடிவுக்கோட்டை அணுகும்போது செக்கனுக்கு 132 அடி செல்கிறான். 135 மைல் வேகத்தில் வரும் பின்னவனோ 198 அடி செல்கிறான். கண்ணாடியிலே தொலைவிற் சிறு புள்ளியாகத் தெரிந்த கார், ஓரிரு செக்கன்களுக்குள் பக்கத்தில் வந்துவிடும். எனவே, மெதுவான காரின் இயந்திரம் நடுவழியிற் பழுதுற்றால், அதன் சாரதி முதலில் நினைவுகூர வேண்டியது பின்னால் வருபவனையே. தன் தடத்தை விட்டு நீங்காது, நடுக்கோட்டிலிருந்து விலகி வெளிச்சுவர்ப் பக்கமாக ஒதுங்குதலே அவன் கடன்.

இப்பந்தயத்திற் சாரதிகள் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை எனக் கூறிவிட முடியாது. அறிவித்த நேரத்திலும் விரைவாக ஓடி முடிப்பவன் தோற்க நேரிடும் என்பதால், தேர்ந்த சாரதி முடிவுக்கோட்டருகே எதிராளியின் நிலையைக் கடைக்கண்ணால் அளந்து, தேவையான அளவே முந்துவான். இதுவும் ஒரு பார்வையே. ஆனால், அது வெற்றிக்காகப் பார்க்கும் பார்வை. அளவுக்கதிகமாக முந்திவிட்டோம் என அஞ்சிச் சடுதியாகப் பிறேக்கை அழுத்துபவனின் கார் வழுக்கிப் பக்கத்துத் தடத்துள் நுழையக்கூடும். எதிராளியின் தூரத்தைச் சரியாக அளந்த அதே மனம், அவன் அவ்விடத்தில் உயிருடன் அமர்ந்திருக்கிறான் என்பதை அக்கணத்தில் மறந்துவிடுகிறது.

சக்கரங்கள் பிடிப்பிழந்து கார் நடுக்கோட்டை நோக்கிச் சாயும்போதும் இதே சோதனை எழுகின்றது. வேக மிதியிலிருந்து காலை எடுத்தால் வெற்றி கைநழுவும். எடுக்காவிடின் ஒருவேளை கார் நேராகிவிடவுங் கூடும். அவ்வொருவேளையின் விலையைச் செலுத்தப் போகிறவன் தான் மாத்திரமல்லன். நடுக்கோட்டைக் கடப்பவன் தோற்றவனாவான் என விதி கூறுகின்றது. ஆயினும், விதி தண்டிப்பது நிகழ்ந்த பின்னரே. நிகழுமுன் காலை எடுப்பது சாரதியின் மனச்சான்றின் பாற்பட்டது.

முடிவுக்கோட்டுடன் ஆபத்தும் முடிந்துவிடுவதில்லை. 2008 ஜூனில் நியூ ஜேர்சியின் இங்கிலிஷ்டவுனில், புகழ்பெற்ற சாரதி ஸ்கொட் கலிற்றா, கார் நிற்பதற்கென அமைந்த இறுதிப் பகுதியைத் தாண்டிச் சென்று மோதி உயிரிழந்தார். அதன் விளைவாக, மணிக்கு 300 மைலையும் விஞ்சும் அதிவேகப் பிரிவுகளின் பந்தயத் தூரம் அதே ஆண்டில் 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. வேகம் பெறுவதற்கு வேண்டிய இடத்தைவிட அதனை இழப்பதற்கு வேண்டிய இடமே பெரிது என்ற உண்மையைப் பந்தய உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

சாதாரண கார்களுக்கும் இப்பகுதி கவனத்துக்குரியது. வெளியேறும் பாதை ஒரு புறத்தில் மாத்திரம் இருப்பின், அதற்கு அப்பாலுள்ள தடத்தில் வந்தவன் மற்றவனின் தடத்தைக் குறுக்கறுத்தே திரும்ப வேண்டும். வென்ற மகிழ்ச்சியிலோ தோற்ற சோர்விலோ மனந் தளர்ந்திருக்கும் வேளை அது. பக்கத்துக் கார் முன்னே சென்றுவிட்டதா, பின்னே வருகிறதா, அதன் பிறேக் வேலைசெய்கிறதா என்பதை அறியும்வரை அவன் திரும்பலாகாது. இவ்விழிப்புணர்வு பக்கத்தையே உற்றுநோக்கிக் கொண்டிருத்தலன்று. அவ்வாறு நோக்குபவன் தன் வழியைத் தவறவிடுவான். எதிராளியின் கார் எத்தகையது, வெளியேறும் பாதை எப்பக்கத்தது என்பனவற்றைப் புறப்படுமுன்னரே மனத்திருத்தி, ஓட்டம் முழுவதும் அவனுக்கென மனதில் ஓர் இடத்தை ஒதுக்கிவைத்தலே அது.

பந்தயம் முடிந்து திரும்பும் சாரதிக்கு ஒரு நேரச்சீட்டு வழங்கப்படும். இருவரும் புறப்பட்ட கணம், எடுத்த நேரம், அடைந்த வேகம் ஆகிய யாவும் அதிற் பக்கம் பக்கமாகப் பதிந்திருக்கும். பக்கத்துத் தடத்தவன் பாதுகாப்பாக வெளியேறும்வரை ஒருவன் காத்திருந்த சில செக்கன்கள் அதிற் பதிவதில்லை. எனினும், அச்சீட்டை இருவரும் உயிரோடு கையிற் பெற்று அடுத்த சுற்றைப்பற்றிப் பேச முடிவது அச்சில செக்கன்களாலேயே.