அரைநாண்

இலக்கியம் பேசுமிடத்தில் முக்கோணத்திற்கு என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். 'கணக்கு வராதவர்களே தமிழ் படிக்க வருகிறார்கள்' என்னும் ஏளனத்தை ஆண்டுதோறும் கேட்டுவரும் ஆசிரியர் நாம். நம் வகுப்பில் அமரும் மாணவர் சிலர் அதை உண்மையென்றே நம்பிவிடுவதுதான் நமக்கு வருத்தம். அதற்கான மறுமொழி ஓர் இருசமபக்க முக்கோணத்திற்குள் இருப்பதை அண்மையில் கண்டோம்.

பதினோராம் வகுப்பில் பயிலும் அண்ணன் மகள் ஒரு கணக்கைக் கொண்டுவந்தாள். சமபக்கங்கள் ஒவ்வொன்றும் 10 செ.மீ.; அவற்றுக்கு இடைப்பட்ட உச்சிக்கோணம் 30 பாகை; பரப்பளவு யாது? சமபக்கத்தின் வர்க்கத்தில் பாதியை உச்சிக்கோணத்தின் சைனால் பெருக்க வேண்டும் என்னும் சூத்திரம் அவளுக்கு மனப்பாடம். 50ஐ அரையால் பெருக்கி, 25 ச.செ.மீ. என்று நொடியில் எழுதிவிட்டாள். பிறகு கேட்டாள்: "சைன் என்றால் என்ன சித்தப்பா?"

உச்சியில் கவராயத்தை ஊன்றி, சமபக்கத்தை ஆரமாகக் கொண்டு வட்டம் வரையச் சொன்னோம். அடிப்பக்கத்தின் ஒரு முனையிலிருந்து எதிரேயுள்ள சமபக்கத்திற்குக் குத்துக்கோடு இறக்கி, அதை வட்டம்வரை நீட்டச் செய்தோம். தாளில் ஒரு வில் தோன்றியது. பரிதித் துண்டை வில் என்றும், அதன் இரு முனைகளை இணைக்கும் கோட்டை நாண் என்றும் நம் பாடநூல்களே சொல்கின்றன. சமபக்கமோ தொடுத்த அம்புபோல் அந்நாணை நடுவே ஊடறுத்து நின்றது. குத்துக்கோடு அந்நாணில் பாதி. "அப்படியானால் இது அரைநாண்" என்றோம். "இடுப்பில் கட்டுவதா?" என்று சிரித்தாள். அச்சிரிப்புக்குப்பின் அவள் அச்சொல்லை மறக்கமாட்டாள்.

அரைநாணை ஆரத்தால் வகுத்தால் வருவதே சைன். 30 பாகைக்கு அது அரை. ஆகவே குத்துக்கோடு 5 செ.மீ. இனி எஞ்சுவது பழைய விதிதான்: 10ஐ 5ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 25.

சைன் என்னும் சொல்லின் பயணமும் சுவையானது. கி.பி. 499ஐ ஒட்டி ஆரியபட்டர் தம் நூலில் அரைநாண்களின் பட்டியலுக்கு வழிதந்தார். வடமொழியில் அது அர்த்தஜ்யா. ஜ்யா என்றால் வில்லின் நாண். அது ஜீவா என்றும் வழங்கி, அரபியில் ஜீபா ஆயிற்று. குறில் உயிர்களை எழுதாத அரபு எழுத்தில் அது, ஆடையின் மடிப்பையும் மார்பையும் குறிக்கும் ஜைப் என்று வாசிக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தோர் அப்பொருளுக்குரிய சைனஸ் என்னும் சொல்லை இட்டனர். புள்ளியிடாத ஓலைச்சுவடிகளில் பாடபேதம் தேடிப் பழகியவர்க்கு இது புதிதன்று. ஒரு பாடபேதம்தான் இன்று உலகெங்கும் கணக்கு வகுப்பில் ஒலிக்கிறது!

அன்று அவள் தானாகவே உச்சிக்கோணத்தை 150 பாகையாக விரித்துப் பார்த்தாள். குத்துக்கோடு பக்கத்தின் நீட்சியில் விழுந்தது. நீளம் அதே 5. பரப்பும் அதே 25. அடிப்பக்கம் மட்டும் ஏறத்தாழ 5.18லிருந்து 19.32 செ.மீ. ஆகிவிட்டது. சூத்திரம் சொல்லாத வியப்பு அவள் முகத்தில் இருந்தது.

கணக்கு வராது என்று தமிழுக்கு வரும் பிள்ளைகளிடம் இனி இந்த வில்லை வரைந்து காட்டலாம். வில்லும் நாணும் அவர்கள் நாள்தோறும் படிக்கும் சொற்கள்தாமே?