மூச்சு விடும் சுவர்

பினாங்கு போனால் குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, லெபோ பாசார் பக்கம் ஐந்தடி நடைபாதையில் நடப்பது என் வழக்கம். மற்றவர்கள் கடைகளைப் பார்ப்பார்கள். என் கண் சுவர்களின் அடிப்பாகத்துக்குத்தான் போகும்.

காரணம் உண்டு. ஜார்ஜ்டவுன் பாரம்பரிய வட்டாரத்துக்குச் சற்று வெளியே பெரியப்பாவின் பழைய கடைவீடு இருக்கிறது. அவர் மறைந்த பிறகு அதைப் பழுதுபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சுவரில் சாயம் உரிந்திருந்தது. "சுண்ணாம்பை உடைச்சிட்டு சிமெண்டு பூசிடலாம்" என்றார் குத்தகையாளர். வேறு யாரிடமும் கேட்கவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன்.

எட்டே மாதத்தில் ஈரம் இடுப்பளவு ஏறியது. வெள்ளை உப்புப் பூத்து, பெரியப்பா படம் மாட்டியிருந்த சுவரே பொரிந்து கொட்டியது. குத்தகையாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. படத்தை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு வந்த வயதான கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்தார். "தம்பி, இந்தச் செங்கல் மண்ணுல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்பு அதை வெளியே விடும். நீங்க சிமெண்டால மூக்கைப் பொத்திட்டீங்க."

சிமெண்டை உடைத்து, சுவரைக் காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூசினோம். செலவு இரண்டு மடங்கு. இம்முறை வேலை முடிய முடியத்தான் பணம் கொடுத்தேன்.

பழைய வீடு வைத்திருப்பவர்களே, உடைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சுவர் இத்தனை காலம் எப்படி நின்றது?