திரைச்சீலைக்கு வெளியே

எங்கள் ஊருக்கு 'ஸ்பொன்ஸர்' என்ற சொல் வருவதற்கு முன்னமே 'கபீல்' என்ற சொல் வந்துவிட்டது. சவூதிக்கும் கட்டாருக்கும் போய் வந்தவர்கள் கொண்டுவந்த சொல் அது. கபீல் நல்லவனாக வாய்த்தால் இங்கே வீடு எழும்பும். கெட்டவனாக வாய்த்தால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு சம்பளத்தை இழுத்தடிப்பான். அவனை விட்டு ஓடினால் 'கல்லிவல்லி'. விசா பற்றிய எங்களூரின் ஞானம் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். ஆகவே, 2017 இல் கனடாவிலிருக்கும் என் மருமகளை அவளுடைய கணவனே ஸ்பொன்ஸர் செய்யப் போகிறான் என்று நான் சொன்னபோது ராத்தா திடுக்கிட்டா.

"புருஷன் எப்பிடிடா தம்பி கபீலாகிற?"

கிராமத்துப் பள்ளிக்கூடத்து வாத்திமாருக்குப் படிவம் நிரப்புவதும் ஒரு பாடம்தான். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் அதை எவரும் கற்பிக்கவில்லை. ஊர் கற்பித்தது. அடையாள அட்டை, சமுர்த்தி, காணிக் கச்சேரி என்று எத்தனையோ நிரப்பியிருக்கிறேன். என் குடும்பத்துப் பிள்ளையின் வாழ்க்கையே ஒரு படிவத்தில் தொங்கியது அதுதான் முதற்தடவை.

கல்யாணம் 2016 டிசம்பர் விடுமுறையில் நடந்தது. மாப்பிள்ளை கனடாப் பிரஜை. பூர்வீகம் யாழ்ப்பாணம் சோனகதெரு. 1990 ஒக்டோபரில் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்ட குடும்பம். காகிதத்தின் பெறுமதி அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். மூன்று கிழமை நின்றுவிட்டுப் போனார். மருமகள் 2017 மே மாதம் வருகை விசாவில் அவரிடம் போனாள். வருகையாளருக்குக் கனடா பொதுவாகக் கொடுப்பது ஆறு மாதம். நவம்பரில் அது முடியும். ஊர் அதற்கு முன்னமே முடிவு கட்டிவிட்டது. "விசிட்டில போனவள், கல்லிவல்லியாத்தான் நிக்கப் போறாள்" என்று கடைத்தெருவில் ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

அப்படியல்ல என்று ராத்தாவுக்கு விளங்கப்படுத்தவே எனக்கு இரண்டு இரவுகள் போயின. கடைசி நாளுக்கு முன்னர் நூறு டொலர் கட்டி, இன்னும் தங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்துவிட்டால், பதில் வரும்வரை அவள் அங்கிருப்பது சட்டப்படி சரியானது. ஒரு நாள் பிந்தினால் சரியில்லை. அதோடு சேர்த்து, கனடாவுக்குள் ஒன்றாக வாழும் கணவன் மனைவிக்குரிய நிரந்தர வதிவிட விண்ணப்பமும் போகும். வருகையாளராகப் போனவர் அங்கேயே குடியிருக்க எண்ணுவது குற்றமென்று அவர்களுடைய சட்டம் சொல்லவில்லை. காலம் முடிந்தால் புறப்பட்டுவிடுவார் என்ற நம்பிக்கை அதிகாரிக்கு இருந்தால் போதும்.

ராத்தாவுக்கு இவற்றில் பிடித்தது ஒன்றே ஒன்று. ஸ்பொன்ஸர் செய்பவர் மனைவியின் அடிப்படைத் தேவைகளுக்கு மூன்று வருடம் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இடையில் விவாகரத்து நடந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது.

"தலாக் சொன்னாலும் மூணு வருசமா?" ராத்தா விரலை மடக்கினா. "இஞ்ச இத்தா மூணு மாசந்தானே!"

நான் பதில் சொல்லவில்லை. மச்சான் முற்றத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவரும் தலை நிமிரவில்லை.

சிக்கல் வந்தது ஒக்டோபரில். விவாகச் சான்றிதழைக் கல்முனையில் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்து அனுப்பியிருந்தேன். மாப்பிள்ளை தொலைபேசியில் வந்தார். "மாமா, இதில அவட கையெழுத்து எங்க?"

இல்லை. எங்கேயும் இல்லை. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் செய்யும் பதிவில் மாப்பிள்ளை ஒப்பமிடுவார், வலீ ஒப்பமிடுவார், நிக்காஹ் செய்து வைத்தவர் ஒப்பமிடுவார். மணமகள் ஒப்பமிட அன்று இடமே இருக்கவில்லை. அச்சட்டத்தைத் திருத்துவதற்கென நீதியரசர் சலீம் மர்ஸூப் தலைமையில் 2009 இல் அமைத்த குழு, எட்டு வருடமாகியும் அப்போது அறிக்கையைக் கொடுத்திருக்கவில்லை. இதெல்லாம் நான் அறியாததல்ல. பத்திரிகையில் வாசித்திருக்கிறேன், ஆசிரியர் அறையில் வாதாடியுமிருக்கிறேன். என் கையில் ஒரு பிள்ளையின் சான்றிதழ் இருந்தபோதுதான் அந்த வெற்றிடம் கண்ணில் பட்டது.

மாப்பிள்ளையின் பயம் வேறு. பிரதிநிதி மூலமும், டெலிபோன், பெக்ஸ், இன்டர்நெட் வழியாகவும் நடந்த கல்யாணங்களைக் கனடா 2015 ஜூன் 11 முதல் ஸ்பொன்ஸருக்கு ஏற்பதில்லை. சடங்கில் இருவரும் நேரில் இருந்திருக்க வேண்டும். எங்கள் நிக்காஹ்வை ஒரு வெள்ளைக்கார அதிகாரி எப்படிப் பார்ப்பார்? விறாந்தையில் ஆண்கள், வலீயின் கை மாப்பிள்ளையின் கைக்குள். பெண் உள்ளறையில். புகைப்படங்களில் நிக்காஹ் நேரத்து மருமகள் இல்லவே இல்லை. அதன்பிறகு தாலி கட்டும்போதுதான் வருகிறாள்.

"நீங்கதான் சாட்சி. பெண்ணிட்டச் சம்மதம் கேக்கக்குள்ள நிண்டீங்கதானே? அதை ஒரு சத்தியக் கடதாசியா எழுதித் தாங்க மாமா" என்றார்.

சின்ன வேலை. சமாதான நீதவான் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடு. தாளை எடுத்து, 'மணமகள் தன் சம்மதத்தைத் தெரிவித்ததை நான்' என்று எழுதினேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

நான் எதைக் கேட்டேன்? மச்சான் உள்ளே போனார். நானும் மற்றச் சாட்சியும் திரைச்சீலைக்கு வெளியே நின்றோம். உள்ளே பெண்களின் சலசலப்பு, யாரோ அழும் சத்தம். பிறகு 'சம்மதமாம்' என்று ஒரு குரல். அது என் மருமகளின் குரலல்ல. கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதம் என்று மார்க்கச் சட்டத்தில் படித்ததை வைத்து அன்று நானும் தலையசைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பிரியாணி மணம் வந்துகொண்டிருந்தது.

அன்றிரவு மருமகளுக்கு எடுத்தேன். சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

"எனக்குச் சம்மதந்தான் மாமா" என்றாள். "ஆனா சொல்ல விடல்ல. வாப்பா கேட்டாரு. நான் வாயத் திறக்க முன்னம் மாமி சொல்லிட்டா."

என் மனைவியிடமும் கேட்டேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம். "இப்பதான் கேக்க வந்தீங்களா?" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் சீருடையை மடிக்கப் போய்விட்டா. இன்றுவரை பதில் இல்லை.

சத்தியக் கடதாசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். எங்கள் பதிவில் மணமகள் ஒப்பமிடும் வழக்கம் இல்லை என்பதை எழுதினேன். அவள் அதே வீட்டில், நான் நின்ற இடத்திலிருந்து பத்தடிக்குள் இருந்தாள் என்பதையும், அவளது குரலை நான் கேட்கவில்லை என்பதையும் எழுதினேன். மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. கடைசி வசனத்தை எடுத்துவிடச் சொன்னார். சத்தியம் என்று தலைப்பிட்ட தாளில் பாதியை விடுவதெப்படி? இரண்டு நாள் அவர் பேசவில்லை. என் நேர்மைக்காக அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் கெட்டுவிடுமோ என்று நான் அந்த இரண்டு நாளும் சரியாக உறங்கவுமில்லை.

மருமகள்தான் வழி கண்டாள். கணவன் மனைவி எப்படிச் சந்தித்தார்கள், யார் அறிமுகம் செய்தார்கள், சடங்கில் யார் யார் இருந்தார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதவேண்டிய பகுதி ஒன்று விண்ணப்பத்தில் இருந்தது. அவள் அதற்கு நான்கு பக்கம் சேர்த்து எழுதினாள். நான் திருத்திக் கொடுக்கவா என்று கேட்டேன். "வேணா மாமா" என்றாள். என்ன எழுதினாளென்று எனக்கு இன்றும் தெரியாது.

விண்ணப்பம் கிடந்தபோது, 2018 பெப்ரவரியில், மச்சான் மௌத்தானார். அவளால் வர முடியவில்லை. உள்நாட்டில் விண்ணப்பித்தவர் இடையில் வெளியேறினால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. விண்ணப்பமும் போய்விடலாம், அதற்கு மேன்முறையீடும் இல்லை. ஜனாஸா எடுக்கும்போது கைத்தொலைபேசியை நான் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்காக ஒப்பமிட்ட கையைக் கபனுக்குள் சுற்றியிருந்தார்கள்.

ஒக்டோபரில் வதிவிடம் கிடைத்தது. டிசம்பரில் வந்தாள். சத்தியக் கடதாசியின் பிரதியைக் கேட்டு வாங்கி, மச்சானின் சாய்கதிரையில் இருந்து வாசித்தாள்.

"சீலைக்குக் கீழால உங்கட கால் தெரிஞ்சிச்சு மாமா" என்றாள். "அதையும் எழுதியிருக்கலாம்."

மூன்று வருடக் கணக்கை ராத்தா மறக்கவில்லை. 2021 ஒக்டோபரில் ஒருநாள் விடியற்காலை எனக்கு எடுத்தா. "தம்பி, இண்டையோட அவன்ட கபீல் முடியுது. இனி என்ன செய்வானோ தெரியா, ஒருக்காக் கேட்டுப் பாரன்."

எடுத்தேன். மருமகள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் பிள்ளைக்குப் பால் கரைத்துக்கொண்டிருக்கிறாராம்.